மின்சுற்றின் நாதமும் கணக்கின் நாதமும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில் கல்லாறு என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பெயருக்கேற்ப அங்கே ஆறு உருண்டைக் கற்களின் மீது புரண்டு ஓடுகிறது. ஊரைக் கடந்த பின் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியை அடைகின்றது. ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறும்பொழுது காற்றின் வெப்பநிலை 6 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் குறைதல் இயல்பு.

வெப்ப மாறுதலை ஈடுசெய்யும் உறுப்பு இல்லாத ஓர் அனலாக் ஸிந்தஸைஸரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலியை ஆக்கும் இசைக்கருவியை, ஒருவர் இவ்வழியே எடுத்துச் செல்வதாகக் கொள்வோம். கல்லாற்றில் பிசகின்றிச் சேர்த்த ஸ்தாயி, பொன்முடியில் சற்று விரிந்து ஒலிக்கும். அதே கருவியைக் கணிப்பொறியில் மென்பொருளாக அமைத்து எடுத்துச் சென்றால், சுருதி இம்மியும் பிசகாது. ஆயினும், பிசகக்கூடிய கருவியின் நாதமே உயிருள்ளது என்று கூறும் இசைவாணர் பலர் உளர். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? மென்பொருள் அந்த நாதத்தை எட்ட வல்லதா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனலாக் கருவி இயங்கும் முறை

1964-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ராபர்ட் மோக் என்பவர் மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ஸிந்தஸைஸரை உருவாக்கினார். அழுத்தத்தை ஒரு வோல்ட்டு உயர்த்தினால் ஒலியின் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அலைவியற்றி என்னும் சுற்று, ரம்பப் பல் போன்றோ சதுரம் போன்றோ வடிவுடைய அலையை எழுப்பும். இவ்வலையில் அடிப்படைச் சுரத்துடன் மேற்சுரங்கள் பலவும் செறிந்திருக்கும். அவற்றுள் வேண்டாதவற்றை வடிகட்டி என்னும் சுற்று குறைத்துவிடும். மோக் அமைத்த வடிகட்டியில் டிரான்ஸிஸ்டர்கள் ஏணிப்படிகளைப் போல இணையிணையாக நிற்கின்றன.

டிரான்ஸிஸ்டரில் அழுத்தம் சிறிதளவு கூடினால் மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். இவ்விதியைக் கொண்டே ஒரு வோல்ட்டு ஒரு ஸ்தாயியாக மாற்றப்படுகின்றது. ஆனால் இவ்விதியில் தனி வெப்பநிலையும் சேர்ந்து வருகின்றது. 300 டிகிரி கெல்வினிலிருந்து 6 டிகிரி குறைவது நூற்றுக்கு இரண்டு வீதம். ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் எனப் பகுப்பர். அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் 24 சென்ட். 81-க்கு 80 என்னும் பிரமாண சுருதி 21.5 சென்ட் ஆகும். ஆகவே பொன்முடிக்கு ஏறும் கருவியில் ஒரு ஸ்தாயிக்குள் ஏறத்தாழ ஒரு பிரமாண சுருதி அளவுக்குப் பிசகு நேரும். பயின்ற செவி இதனை உடனே கண்டுகொள்ளும்.

ஆமதாபாத்தில் ஒரு முயற்சி

இக்கருவி நம் நாட்டிற்கு மிக விரைவிலேயே வந்தது. 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அங்கு 1969-இல் அமெரிக்க இசையறிஞர் டேவிட் டியூடர், மோக் ஸிந்தஸைஸரையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் கொண்டு ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்தார். இதற்குத் துணை நின்றவர் கீதா சாராபாய். அவரும், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அக்கூடத்தில் இசை ஆக்கினர். 1972 வரையிலான அப்பதிவுகள் நிறுவனத்தின் காப்பகத்தில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்கஸ் என்னும் பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023-இல் அவை இசைத் தொகுப்பாக வெளிவந்தன.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் ரோலண்டு நிறுவனத்தின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். அப்பொழுது அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2010-இல் மறுபதிப்பான பின்னரே உலகம் அதனை வியந்து கேட்டது. இத்தகைய கருவிகளின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கடந்துவிட்டன, மின்தேக்கிகள் முதுமையடைகின்றன, பழுது பார்க்க வல்லோரும் அருகி வருகின்றனர். எனவே மென்பொருள் அந்த நாதத்தை எட்டுமா என்பது வெறும் சுவைபற்றிய வாதம் அன்று. நம் இசை வரலாற்றின் ஒரு பகுதியை வருங்கால மாணவர் மீண்டும் வாசித்து அறிய இயலுமா என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

கணக்கினால் ஒலி

கணிப்பொறி ஒலியை எண்களாகவே ஆக்கும். 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவரின் நிரல் 17 விநாடி நேர இசையை இவ்வாறு எழுப்பியது. இன்று குறுந்தட்டு முறையில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள் வழங்குகின்றன. இவற்றால் 22,050 அதிர்வு வரையிலான ஒலியைக் குறைவின்றிக் குறிக்கலாம். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வே. ஆதலால் எண்களின் இடையே ஒலி விடுபட்டுப் போகிறது என்னும் கருத்துத் தவறானதாகும்.

மெய்யான இடர் வேறு. ரம்ப அலையை ஆராயாமல் எண்களாக மாற்றினால், எல்லைக்கு மேற்பட்ட மேற்சுரங்கள் மடங்கிக் கீழே வந்து விழும். 3,000 அதிர்வுள்ள சுரத்தின் பத்தாம் மேற்சுரம் 30,000 அதிர்வு. அது மடங்கி 14,100 அதிர்வாக ஒலிக்கும். இது 3,000-இன் மடங்கு அன்று, ஆகவே அபசுரம். தொடக்ககால மென்பொருள்களின் கரகரப்புக்கு இது ஒரு முக்கிய காரணம். 1996-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டில்சன், ஸ்மித் ஆகியோர் இதனைத் தவிர்க்கும் வழியொன்றை வெளியிட்டனர்.

இரண்டாம் இடர் வடிகட்டியில் உள்ளது. மின்சுற்றில் வெளிவரும் ஒலியின் ஒரு பகுதி அக்கணமே உள்ளே திரும்புகின்றது. கணக்கிலோ ஓர் எண் தாமதமாகவே திரும்பும். இதனால் ஒத்ததிர்வின் சுருதி பிசகும். சமன்பாடுகளை ஒருங்கே தீர்ப்பதனால் இக்குறை நீங்குகிறது. மேலும், டிரான்ஸிஸ்டர் மிகைச் சைகையைப் பெறும்பொழுது அலையின் முகடு மழுங்கிப் புதிய மேற்சுரங்கள் தோன்றும். ‘கதகதப்பு’ என்று இசைவாணர் சொல்வதில் பெரும்பங்கு இதுவே. இம்மழுங்கலையும் கணக்கில் அடக்கும் மாதிரியை 2004-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஹுவோவிலைனன் அளித்தார்.

தம்புராவின் சான்று

நம் தம்புராவைக் கொண்டு இதனை எளிதில் விளக்கலாம். தந்தியை ஒரு கணுவில் மீட்டினால் அக்கணுவிற்குரிய மேற்சுரம் எழக்கூடாது என்பது பொது விதி. ஆனால் தம்புராவில் அது தெளிவாகவே எழுகின்றது என்பதை 1921-இல் சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார். வளைந்த குதிரையும் அதன்மேல் இடும் ஜீவா நூலுமே காரணம். தந்தியும் குதிரையும் மீண்டும் மீண்டும் தொட்டு விலகுவதை விட்டுவிட்டு வெறும் தந்தியை மட்டும் கணக்கிட்டால், தம்புராவின் நாதம் பிறவாது. மென்பொருளின் நிலையும் இவ்வாறே. கணக்கில் சேர்த்த பௌதிகம் ஒலியில் வரும், சேர்க்காதது வராது.

செவிச் சோதனை

இவ்வகை வாதங்களுக்கு முடிவு கூறவேண்டியது செவியே. ஆனால் கண் உதவலாகாது. ஆசிரியர்கள் தம்புராவையும் கைப்பேசித் தம்புராவையும் கொண்டு இச்சோதனையை வகுப்பிலேயே செய்யலாம். இரண்டையும் ஒரே சுருதியில் பதிவு செய்து, ஒரே ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்க. ஒலியளவு சமமாக இருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் சற்று உரத்து ஒலிப்பதையே நம் செவி சிறந்ததென்று கொள்ளும். ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி வரிசையைத் தீர்மானித்து, பத்து முறை கேட்கச் செய்து, எது எதுவென்று மாணவர் எழுதட்டும். வெறும் ஊகத்தால் ஒன்பது முறையோ அதற்கு மேலோ சரியாகக் கூறும் வாய்ப்பு 1,024-இல் 11 மட்டுமே. எனவே அவ்வாறு கூறுபவர் வேறுபாட்டை மெய்யாகவே கேட்கிறார் எனக் கொள்ளலாம். ஐந்தாறு முறை மட்டும் சரியாகக் கூறுபவர், எத்துணை உறுதியோடு பேசினும், கேட்டறிந்ததாகக் கொள்வதற்கில்லை.

முடிவு

சுற்றின் விதிகள் அறியப்பட்டவை. ஆதலின் அதன் நாதத்தை மென்பொருள் எட்டுவதற்குக் கொள்கையளவில் தடையில்லை. கவனத்துடன் அமைத்த மென்பொருள்கள் இன்று மிக நெருங்கி வந்துள்ளன. எனினும் ஒரு குறிப்பிட்ட பழங்கருவியின் பிசகுகள் அதற்கே உரியவை. யாரேனும் அளந்து எழுதிவைத்தாலன்றி அவை கணக்கில் ஏறா. கைப்பட்ட குமிழின் உணர்வும் மென்பொருளில் இல்லை.

ஆகவே நம் கடமை இரண்டாகும். மென்பொருளை ஏளனம் செய்யாது மாணவர்க்குக் கொடுத்துப் பழக்குவது ஒன்று. எஞ்சியுள்ள கருவிகளை அவை ஒலிக்கும் காலத்திலேயே அளந்து பதிவு செய்து வைப்பது மற்றொன்று. மாதிரி அமைப்பதற்கு மூலம் வேண்டும். மூலம் ஊமையான பின் அதன் நாதத்தைச் சரிபார்க்க வழியில்லை.