பல்லைக் காட்டுங்க மாப்பிள்ளை!

தர்மபுரிப் பக்கம் சில மாப்பிள்ளைகளுக்கு வேலை இருக்கும், சம்பளம் இருக்கும். போட்டோவில் மட்டும் சிரிக்கவே மாட்டார்கள். பல்லில் பழுப்புக் கறை. சிகரெட் இல்லை சார், தண்ணி! நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. பல் உருவாகிற சின்ன வயசில் குடித்தது, எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதற்கு முன்பே பல் முளைத்தவர்கள்?

கறை முற்றிப் பல் பொரிந்தவர்களுக்கு 'கேப்' போடுகிறார்கள். அது செராமிக், நம்ம பீங்கான் கப்புக்குச் சொந்தக்காரன். எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். ஆனால் மயிரிழை விரிசல் விழுந்தால் போச்சு, சரசரவென ஓடி ரெண்டாகிவிடும். இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். பீங்கானுக்கு அந்த நெளிவு சுளிவு தெரியாது. (ஆபீசிலும் அப்படிச் சிலர் உண்டு!)

ஜிர்கோனியா கொஞ்சம் கில்லாடி. இட்ரியா கலந்து சுட்டால், விரிசல் கிட்டே வந்ததும் அங்குள்ள படிகங்கள் உருமாறி, சுமார் 4 சதவீதம் உப்பும். உப்பினதும் விரிசலின் வாயை நெருக்கிப் பிடிக்கும். ஓட்டம் தடைபடும். 1975-ல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இந்த வித்தையை எழுதியபோது வைத்த தலைப்பு: 'செராமிக் ஸ்டீல்?' ஜிர்கோனியாவுக்கு மூலமான ஜிர்கான் மணல் நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது.

அதுக்காக உடனே ஓடாதீர்கள். கேப் மாட்ட, இருக்கிற பல்லைச் சீவணும். சீவினது திரும்ப வளராது. லேசான கறைக்கு அவ்வளவு தேவையில்லை, டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் வாண்டுகள் இன்னும் போர் தண்ணி குடித்தால், அதைப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் முதல் வேலை.