கல்லும் சுடுமண்ணும்: பண்டைய கிரேக்க, எட்ருஸ்கக் கோயிற்கலைகளின் வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கக் கலையைக் கிரேக்கக் கலையின் நகலாகக் காணும் போக்கு நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. கோயில் அமைப்பு, சிற்பம், கல்லறைக் கலை, மட்கல வணிகம் ஆகிய நான்கு தளங்களில் இருவகைக் கலைகளையும் ஒப்பிட்டு, எட்ருஸ்கர் கிரேக்க வடிவங்களைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அழியும் பொருள்களால் உருவான ஒரு கலையை, நிலைத்து நிற்கும் கல்லை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுவதன் குறையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கிரேக்கக் கோயில், எட்ருஸ்கர், சுடுமண் சிற்பம், விட்ரூவியஸ், வெய்யி, கல்லறைக் கலை

முன்னுரை

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் தென் இத்தாலியிலும் சிசிலியிலும் குடியேறத் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் ஆர்னோ, டைபர் ஆறுகளுக்கு இடைப்பட்ட எட்ரூரியாவில் சிற்றூர்கள் நகரங்களாக வளர்ந்தன. அந்நிலத்தின் இரும்பும் செம்பும் கிரேக்க, ஃபினீசிய வணிகர்களை ஈர்த்தன. உலோகத்தை நாடி வந்த வணிகத்தின் வழியே மட்கலங்களும் கைவினை நுட்பங்களும் எழுத்தும் வந்துசேர்ந்தன. எட்ருஸ்க எழுத்து கிரேக்க எழுத்திலிருந்து பிறந்தது. அவ்வெழுத்தால் எழுதப்பட்ட மொழியோ கிரேக்கத்தோடு உறவில்லாதது. பிறர் எழுத்தைக் கொண்டு தம் மொழியை எழுதிய இம்முறை அவர்தம் கலைக்கும் பொருந்துவதாகும்.

கிரேக்கக் கோயில்: மரத்திலிருந்து கல்லுக்கு

தொடக்ககாலக் கிரேக்கக் கோயில்கள் மரத்தாலும் சுடாத செங்கல்லாலும் ஆனவை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சுட்ட மண் ஓடுகள் பரவியதும், அவற்றின் பெரும் எடையைத் தாங்க உறுதியான சுவர்களும் தூண்களும் தேவைப்பட்டன. கல்லுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இம்மாற்றத்தின் தடத்தை ஒலிம்பியாவில் கி.மு. 600ஐ ஒட்டி எழுந்த ஹீரா கோயிலில் காணலாம். அங்கு மரத்தூண்கள் ஒவ்வொன்றாகக் கல்தூண்களாக மாற்றப்பட்டன. எனவே போதிகைகள் ஒன்றுபோல் அமையவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பௌசானியஸ், பின்புற மண்டபத்தில் ஓர் ஓக் மரத்தூண் எஞ்சியிருந்ததைப் பதிவு செய்துள்ளார்.

டோரிக் பாணியின் உத்திரத்திற்கு மேலுள்ள முப்பட்டைக் கற்கள், பழைய மர விட்டங்களின் முனைகளை நினைவூட்டுவன என்பது விட்ரூவியஸ் தரும் விளக்கம். இந்த நெடும் பயிற்சியின் உச்சம் ஏதென்சின் பார்த்தினன் (கி.மு. 447 – 432) ஆகும். முகப்பில் 8, பக்கங்களில் 17 எனத் தூண்கள் நாற்புறமும் சூழ்ந்துள்ளன. அடித்தளம் நடுவில் மெல்ல உயர்ந்து வளைகிறது. தூண்கள் உள்நோக்கிச் சற்றே சாய்ந்துள்ளன. எப்பக்கம் நின்று நோக்கினும் முழுமை பெற்ற சிற்பம்போல் அக்கோயில் தோன்றுகிறது.

எட்ருஸ்கக் கோயில்: முன்முகம் நோக்கிய அமைப்பு

எட்ருஸ்கக் கோயில் வேறொரு கருத்தின்மேல் எழுந்தது. உயர்ந்த பீடம், முன்புறம் மட்டும் படிக்கட்டு, ஆழ்ந்த முன்மண்டபம், பின்புறம் மூடிய சுவர் என்பன அதன் இயல்புகள். விட்ரூவியஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் இதன் இலக்கணத்தைத் தருகிறார். நீளம் 6 பங்காயின் அகலம் 5 பங்கு. முன்பாதி தூண்களுக்கும் பின்பாதி கருவறைகளுக்கும் உரியன. அகலத்தைப் 10 பங்காக்கி, நடுக் கருவறைக்கு 4 பங்கும் இருபுறக் கருவறைகளுக்கு மும்மூன்று பங்கும் ஒதுக்க வேண்டும். அகழ்வில் வெளிப்பட்ட கோயில்கள் அனைத்தும் இவ்விதிக்கு அடங்குவன அல்ல. எனினும் அடியவர் ஒரு திசையிலிருந்தே தெய்வத்தை அணுகவேண்டும் என்னும் அடிப்படைக் கருத்து அவற்றில் தொடர்கிறது.

அடித்தளம் கல்லாயினும் சுவர் சுடாத செங்கல், தூணும் கூரையும் மரம். மழை சுவரைக் கரைக்காதிருக்கக் கூரை அகன்று நீண்டது. மர விட்டங்களைக் காக்கச் சுடுமண் பலகைகள் ஆணியால் பொருத்தப்பட்டன. காப்புக்காக வந்த அப்பலகைகளே வண்ணமும் உருவமும் பெற்று அணிகலன்களாயின.

கூரைமேல் நின்ற தெய்வங்கள்

கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சிற்பி பளிங்கில் ஆடையற்ற இளைஞர் உருவங்களைச் செதுக்கினான். இடக்கால் முன்வைத்த அந்நிலை எகிப்தியச் சிற்பங்களிலிருந்து பெற்றது. பின்புறத் தூணின்றித் தனித்து நிற்கச் செய்தது கிரேக்கரின் ஆக்கம். கி.மு. 480ஐ ஒட்டிய கிரிட்டியோஸ் இளைஞன் சிற்பத்தில் உடல் எடை ஒரு காலுக்கு மாறி, இயல்பான நிற்றல் கைகூடியது.

1916இல் வெய்யி நகரில் கிடைத்த அப்பல்லோ உருவம் (கி.மு. 510 அளவு) சுடுமண்ணால் ஆனது. முகத்தின் புன்னகையும் மடிப்புகளும் கிரேக்கச் சாயல் உடையன. ஆனால் உடல் ஆடை பூண்டது. கால் விரைந்து முன்னேறுகிறது. புனித மானுக்காக ஹெராக்ளிசை எதிர்கொள்ளும் காட்சியின் ஓர் உறுப்பாகக் கோயிற் கூரையின் முகட்டில் அது நின்றது. கிரேக்கர் முக்கோண முகப்பினுள் கதை சொல்ல, எட்ருஸ்கர் அதனை வானத்தின் பின்னணியில் நிறுத்தினர். ரோமின் ஜூபிடர் கோயிலுக்குத் தெய்வ உருவம் செய்ய வெய்யியின் வுல்கா அழைக்கப்பட்டதாகப் பிளினி குறிப்பிடுகிறார். அக்கோயில் கி.மு. 83இல் எரிந்தது.

இறந்தோர்க்குக் கல்

செர்வேதரியின் பாறைக் கல்லறைகளில் வீட்டின் அறைகள், கட்டில்கள், கூரை விட்டங்கள் யாவும் பாறையிலேயே செதுக்கப்பட்டுள்ளன. தெய்வத்திற்கு மரத்தால் வீடமைத்தோர் இறந்தோர்க்குக் கல்லால் அமைத்தனர். எனவே கல்வேலை அறியாமையால் அவர்கள் மரத்தைக் கையாளவில்லை என்பது தெளிவு. அவ்வூரிலேயே கிடைத்த சுடுமண் ஈமப்பேழையின்மேல் (கி.மு. 520 அளவு) கணவனும் மனைவியும் விருந்துக் கட்டிலில் இணைந்து சாய்ந்துள்ளனர். கிரேக்க விருந்தில் குலமகளிர்க்கு இடமில்லை. சாய்ந்திருக்கும் வடிவம் கிரேக்க வழக்கை ஒட்டியது. அதில் மனைவிக்குக் கிடைத்த இடம் எட்ருஸ்கச் சமூகத்திற்கு உரியது.

கொள்வினையும் கொடுப்பினையும்

இன்று எஞ்சியுள்ள ஏதென்சு மட்கலங்களில் பெரும்பகுதி எட்ருஸ்கக் கல்லறைகளில் கிடைத்தவை. கி.மு. 570 அளவில் ஏதென்சில் வனையப்பட்ட பிரான்சுவா கலம் 1844இல் கியூசியில் கண்டெடுக்கப்பட்டது. இத்தகைய கலங்களை எட்ருஸ்கருடையவை என்றே 18ஆம் நூற்றாண்டினர் பலர் கருதினர். 1769இல் இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் தம் மட்கலத் தொழிலகத்திற்கு எட்ரூரியா எனப் பெயரிட்டார். தாக்கம் ஒருவழிப்பட்டதும் அன்று. ஏதென்சின் நிகோஸ்தெனிஸ் தொழிற்கூடம், எட்ருஸ்கரின் கருங்கல வடிவத்தைப் பின்பற்றி அவர்தம் சந்தைக்கென்றே கலங்கள் செய்தது.

முடிவுரை

கிரேக்கர் மரக்கோயிலின் உறுப்புகளைக் கல்லில் நிலைநிறுத்தினர். எட்ருஸ்கர் மரத்தைக் கைவிடாது சுடுமண்ணால் அதனைக் காத்து அழகூட்டினர். முன்னது நிலைத்தது, பின்னதில் அடித்தளங்களும் சிதறிய சுடுமண் துண்டுகளுமே பெரும்பாலும் எஞ்சின. இவ்வேறுபாட்டைக் கலைத்திறனின் ஏற்றத்தாழ்வாகக் கொள்வது பொருந்தாது. பிரான்சின் நீம் நகரில் உள்ள ரோமானியக் கோயில் இதற்குச் சான்று. அதன் கொரிந்தியத் தூண்கள் கிரேக்கர் தந்தவை. உயர்பீடம், முன்படிக்கட்டு, ஆழ்ந்த முன்மண்டபம் ஆகியவை எட்ருஸ்கர் தந்தவை. எட்ருஸ்கரின் மரம் அழிந்தது. அவர்தம் கோயில் அமைப்பு ரோமானியரின் கல்லில் நிலைபெற்றது.