நக்கிள்ஸ் மலையில் ஜீப் ஓடும் பாதை யாருடையது?

பாலைவனத்தைக் கடந்து எரிமலை வாயைப் பார்க்கப் போகும் ஜீப் பயணக் காணொளிகள் யூடியூபில் ஏராளம். இலங்கையில் எரிமலை இல்லை. அந்த ஆசை உள்ளவர்கள் கண்டிக்கு வந்து நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறுகிறார்கள். பொத்திய கையின் விரல் முட்டுகள் போலத் தெரிந்ததால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. உச்சிச் சிகரமான கொம்பனிய 1,906 மீற்றர் உயரம். 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இதுவும் அதில் சேர்ந்தது.

மஹியங்கனை வீதியில் தெல்தெனிய கடந்து ஹுன்னஸ்கிரியவில் திரும்பினால் லூல்வத்தை, டீன்ஸ்டன் வழியாக மீமுரே கிராமத்துக்குப் போகலாம். கோர்பட்ஸ் கெப் கணவாயைத் தாண்டியதும் ஒரே இறக்கம். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஜீப்பில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் இன்னொரு கியர் தொகுதியும் உண்டு. மாரியில் வன்னிச் சேற்றில் உழவு இயந்திரப் பெட்டியில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இழுவை என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

பாதையை விட்டு விலகி ஓட்டுவதுதான் இங்கே பெரிய கேடு. மாத்தளைப் பக்கமுள்ள பிட்டவல பத்தனைப் புல்வெளியில் பாறைக்கு மேலே இருப்பது மெல்லிய மண் படை. சக்கரம் ஒருமுறை கீறினால் அந்தத் தடம் மழையில் வாய்க்காலாகிறது. வாய்க்கால் மண்ணை அரித்துக்கொண்டு மகாவலிக்குப் போகும் ஓடைகளில் கொட்டுகிறது. நக்கிள்ஸில் மட்டுமே வாழும் ஒருவகைப் பாறைத்தவளையின் இருப்பிடமும் இதுதான்.

காணொளிகளில் தெரியாத இன்னொன்றும் உண்டு. இந்த மலையடிவாரத்தில்தான் ரங்கலை, மடுல்கலைத் தோட்டங்கள் இருக்கின்றன. மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்த கோப்பிக்காலத் தொழிலாளரின் வழிவந்தவர்கள் லயன்களில் வாழ்கிறார்கள். மலையகத்திலிருந்து 1977இலும் 1983இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்கள் பல, 2009 வரை அங்கேயும் போருக்குள் அகப்பட்டன. இதை வாசிக்கும் சிலருக்குப் பாட்டன் பாட்டியின் ஊர் இப்படியொரு தோட்டமாகவே இருக்கும்.

சுற்றுலாப் பயணிக்குச் சாகசமான குண்டும் குழியும் பிரசவவலி எடுத்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வழி. பல தோட்டங்களில் இன்றும் நோயாளியை ஏற்றுவது கொழுந்து லொறிதான். தோட்டப் பாதையைத் திருத்துவது கம்பனியா, பிரதேச சபையா என்ற இழுபறி தீர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. மீமுரேயின் சிங்களக் கிராமத்தவருக்கும் இதே பாடுதான்.

போக விரும்பினால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டை எடுங்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் போக வேண்டாம். ஜீப்பையும் சாரதியையும் அந்தப் பகுதியிலேயே அமர்த்துங்கள், கூலி அங்கேயே தங்கும். ஒடுங்கிய வளைவில் எதிரே லொறி வந்தால் உங்கள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து இடம் விடுங்கள், உள்ளே நோயாளி இருக்கலாம்.