நான் யார்? ஒரு ரயில் புதிர்

ஆசிரியர்களே, திணை பாடத்தின்போது இந்த விளையாட்டைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

ஒரு கதாபாத்திரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பதில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டுமே.

“அவன் மனுஷனா டீச்சர்?” “இல்லை.”
“அப்போ மிருகமா?” “இல்லை.”
“அவன் பேசுவானா?” “ஆம்.”
“அவனுக்குச் சக்கரம் இருக்கா?” “ஆம்.”

வகுப்பே சிரிக்கும். விடை: தாமஸ்! ஆட்ரி எழுதி 1946-இல் வெளிவந்த கதையின் நீல நிற இன்ஜின்.

இப்போது கேளுங்கள்: தாமஸ் ‘வந்தானா’, ‘வந்ததா’? இன்ஜின் அஃறிணை, ஆகவே ‘வந்தது’. ஆனால் பிரியத்தில் ‘வந்தான்’ என்றால் அதை நன்னூலும் ஏற்கிறது. அதுதான் திணை வழுவமைதி. பிள்ளைங்க அப்படி எழுதினா உடனே சிவப்பு மையால் அடிச்சிடாதீங்க. ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள்.

அடுத்த சுற்று நம்ம ஜொகூர். 30.6.2011 இரவு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை ஓட்டி வந்தவர் யார்? விடை: மாட்சிமை தங்கிய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். இங்கே ‘ஓட்டினார்’ மட்டும்தான் சரி!