137 ஜி.பி.க்கு அப்பால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோவிலும் மெஷின் வாங்கினால் இருபது, இருபத்தைந்து வருஷம் ஓட்டுவார்கள். அதோடு வந்த கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான் ஓட்டியாக வேண்டும். விண்டோஸ் 98-க்கோ எக்ஸ்பி-க்கோ எழுதிய சாஃப்ட்வேர் பல சமயம் புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. ஆகவே ஹார்ட் டிஸ்க் போனால் அதை மட்டும் மாற்றுகிறோம். பழைய 40 ஜி.பி. இப்போது லேசில் கிடைக்காது. மெக்கானிக் 320 அல்லது 500 ஜி.பி. மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பழைய கம்ப்யூட்டர்கள் டிஸ்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 28 பிட்டில் விலாசம் எழுதின. ஒரு கட்டம் 512 பைட். கணக்குப் போட்டால் 137 ஜி.பி. வரும், அதற்கு மேல் விலாசம் கிடையாது. பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அதுபோல 137-ஐத் தாண்டி எழுதப்போகும் தகவல் டிஸ்கின் தொடக்கத்தில் போய் விழலாம். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அங்கேதான் இருக்கிறது. அது அழிந்தால் மொத்த டிஸ்கும் ஊமையாகிவிடும். விண்டோஸ் 98 இந்த எல்லையைத் தாண்டியதே இல்லை. எக்ஸ்பி-க்கு 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் பயாஸும் ஒத்துழைக்க வேண்டும்.

மாட்டிய அன்று எல்லாம் ஒழுங்காக ஓடும் என்பதுதான் இதில் கொடுமை. மெக்கானிக் தன் கடையில் உள்ள புதிய கம்ப்யூட்டரில் முழு 500-க்கும் பார்ட்டிஷன் போட்டுக் கொண்டுவந்து மாட்டுகிறார். பல மாதம் கழித்து, தகவல் நிரம்பி அந்தக் கோட்டைத் தொடும் நாளில் கம்ப்யூட்டர் எழும்பாது. அதற்குள் யார் மாட்டினார், எப்போது மாட்டினார் என்பதே மறந்திருக்கும். தப்பிக்கும் வழி எளிது: பழைய கம்ப்யூட்டரில் 120 ஜி.பி.க்குள் ஒரே பார்ட்டிஷன் போடச் சொல்லுங்கள். மீதி இடம் சும்மா கிடக்கட்டும்.

டாஸ் காலத்து மெஷின்களில் சிக்கல் வேறு. அங்கே ஃபைல்களை அடுக்குவது ஃபேட் 16 முறையில். ஒரு பார்ட்டிஷன் 2 ஜி.பி.க்கு மேல் போகாது. ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம் கிளஸ்டர்; அந்த அளவில் ஒவ்வொன்றும் 32 கே.பி. ஒரே ஒரு மூட்டை ஏற்றினாலும் முழு லாரி வாடகை என்பது போல, 2 கே.பி. சி.என்.சி. ப்ரோகிராமும் 32 கே.பி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 65,000 சின்ன ஃபைல்கள் சேர்ந்தால் டிஸ்க் ஃபுல். உள்ளே உண்மையில் இருக்கும் சரக்கு 130 எம்.பி.தான். இதே 2 ஜி.பி. எல்லையால் பல பழைய கண்ட்ரோலர்கள் 16 ஜி.பி. பென் டிரைவையோ கார்டையோ கண்டுகொள்ளாது. "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால், உடனே பணத்தை எண்ணாதீர்கள். 2 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த ஒன்றை ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டிஸ்க் ஏற்கெனவே படுத்துவிட்டதா? உடனே பவரை நிறுத்துங்கள். ஸ்கேன்டிஸ்க், ஃபார்மட், புதிதாக விண்டோஸ் போடுவது எதுவும் வேண்டாம். மேலே எதுவும் எழுதாதவரை மீட்க வாய்ப்பு உண்டு.

போனது ப்ரோகிராம் மட்டுமாக இருக்காது. எடைமேடை ரசீதும் பில்லும் அதே டிஸ்கில் இருந்தால் ஜி.எஸ்.டி. சட்டம் குறுக்கே வரும். ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கெடு முடிந்து 72 மாதம் வரை பதிவேடுகள் இருக்க வேண்டும் என்கிறது 36-ஆம் பிரிவு. மின்னணுப் பதிவேட்டுக்கு நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-ஆம் விதி. டைம் ஆபீஸ் வருகைப் பதிவு அந்த டிஸ்கில் இருந்தால் அடிபடுவது தொழிலாளி. நீங்கள் தொழிலாளி என்றால் ஓவர்டைம் கணக்கை அந்தந்த மாதச் சம்பளச் சீட்டோடு போனில் படமெடுத்து வையுங்கள், பி.எஃப். பாஸ்புக்கை உமங் செயலியில் பாருங்கள்.

டிஸ்க் மாட்டிய கடையிடம் இழப்பீடு கேட்கலாமா? ஒரே லேத்தை வைத்துத் தன் பிழைப்புக்காகத் தானே உழைப்பவர் வாங்கிய பொருள் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே கொடுக்கலாம். முதலில் 1915-க்கு போன் செய்து கேளுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு இந்த வழி பொதுவாகக் கிடையாது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், கெடு 3 ஆண்டு.

எங்கே போனாலும் முதலில் கேட்பது பில். அதில் டிஸ்கின் மாடல், கொள்ளளவு, போட்ட பார்ட்டிஷன் அளவு, விண்டோஸ் சர்வீஸ் பேக் எண் நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய டிஸ்கை மெக்கானிக் கொண்டுபோக விடாதீர்கள். அது உங்கள் சொத்து, உள்ளே இருப்பது உங்கள் கணக்கு. மேலே தேதியை ஒட்டி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.