மொழிக் கூடு

மொழிக் கூடு என்பது, வழக்கிழந்து வரும் ஒரு மொழியை அதைப் பேசும் முதியவர்களிடமிருந்து குழந்தைகள் நேரடியாகப் பெறுவதற்காக ஒரு சமூகத்தார் தாமே நடத்தும் மழலையர் நிலையம் ஆகும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதனை 'கோஹங்கா ரெயோ' என்பர். கோஹங்கா என்பது கூட்டையும், ரெயோ என்பது மொழியையும் குறிக்கும்.

பின்னணி

1867-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாவோரிக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. தாய்மொழியில் பேசியதற்காக மாணவர் பலர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் பலர் பெற்றோரானபின், தம் பிள்ளைகளுக்கும் அந்நிலை வரக்கூடாது என்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததால், பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியின் பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் குறைந்தது. 1972-இல் பள்ளிகளில் மாவோரி மொழியைக் கற்பிக்கக் கோரி, 30,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது.

ஆனால், பள்ளியில் ஒரு பாடமாகப் படிப்பதால் மட்டும் ஒரு மொழி வீட்டுப் பேச்சாகிவிடாது. ஆகவே 1982 ஏப்ரலில், வெலிங்டன் அருகேயுள்ள வைனுயோமாட்டாவில் முதல் மொழிக் கூடு திறக்கப்பட்டது.

நடைமுறை

பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் இங்கு வருகின்றனர். விளையாட்டு, உணவு, உறக்கம் எல்லாம் மாவோரி மொழியிலேயே நிகழும், மொழிபெயர்ப்பு கிடையாது. தட்டை வைக்கும்போதும் கையைக் கழுவும்போதும் கேட்கும் சொற்கள் செயலோடு சேர்ந்தே மனத்தில் பதிகின்றன. மொழியோடு பண்பாடும் வருகிறது. தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் குழந்தை, தன் குலத்துக்குரிய மலையையும் ஆற்றையும் முதலில் சொல்லிப் பிறகே தன் பெயரைச் சொல்லப் பழகுகிறது.

நிர்வாகம் 'ஃபானௌ' எனப்படும் விரிந்த குடும்பத்தின் பொறுப்பு. மொழியறியாத பெற்றோரும் குழந்தையோடு சேர்ந்து கற்க ஊக்குவிக்கப்படுகின்றனர். இது இம்முறையின் முக்கியக் கூறு. குழந்தை வீடு திரும்பியதும் பேச ஆள் இல்லையெனில், கூட்டில் பெற்ற மொழி கூட்டிலேயே நின்றுவிடும்.

விளைவுகள்

கூட்டில் வளர்ந்த பிள்ளைகள் மேற்கொண்டு படிக்க, 1985-இல் ஆக்லாந்தில் மாவோரி வழிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1987-இல் மாவோரி ஆட்சிமொழி ஆயிற்று. 1990-களின் நடுப்பகுதியில் கூடுகளின் எண்ணிக்கை சுமார் 800-ஐ எட்டியது. பின்னர் அது கணிசமாகக் குறைந்தது. சரளமாகப் பேசும் முதியோர் மறைந்து வருவது இன்றும் பெரிய சிக்கலாக உள்ளது.

பிற நாடுகளில்

இதனைப் பின்பற்றி ஹவாய் மக்கள் 1984-இல் 'பூனானா லெயோ' என்ற நிலையத்தைத் தொடங்கினர். பின்லாந்தில் சில நூறு பேர் மட்டுமே பேசும் இனாரி சாமி மொழிக்கு 1997-இல் மொழிக் கூடு அமைக்கப்பட்டது. அங்கு, பேசுவோர் குறைவாயிருந்த நடுத்தலைமுறையினருக்கும் பின்னர்த் தனியே மொழிப்பயிற்சி அளிக்கப்பட்டது.