தன்விவரக் குறிப்பும் நன்னூற் பாயிரமும்

பணி வேண்டுவோர் தம் கல்வி, பயிற்சி, பட்டறிவு ஆகியவற்றைத் தொகுத்து எழுதி விடுக்கும் ஏட்டைத் தன்விவரக் குறிப்பு என்பர்; உலக வழக்கில் அது 'பயோடேட்டா' எனப்படும். இதனை மாணாக்கர் தாமே எழுதிப் பழகுதற்குரிய இணையவழிப் பாடங்கள் இன்று பலவாக உள்ளன. அமெரிக்க நாட்டுப் பர்தூ பல்கலைக்கழகம் எழுத்துப் பயிற்சிப் பக்கங்களை 1994 முதல் இணையத்தில் நடத்தி வருகின்றது. நம் நாட்டிற் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தில் இவ்வெழுத்தும் இடம்பெற்றது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் தோன்றியது. எனினும் இத்துறைப் பாடங்கள் பெரும்பாலும் படிவத்தைக் காட்டி அமைகின்றன. நம் மாணாக்கரது இடர்ப்பாடு படிவத்தில் இல்லை என்பதே எம் கருத்து.

டி. கல்லுப்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி மதுரைக்கு வந்து இளங்கலை பயிலும் மாணவி ஒருத்தியைக் கொள்வோம். குடும்பத்தின் முதற் பட்டதாரி அவள். தந்தையின் பருத்திக் கணக்கை மூன்றாண்டு எழுதியவள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஐம்பது பேர்க்கு உணவு ஒழுங்கு செய்தவள். அவள் ஏட்டில் இவை இரண்டும் இரா. 'கடின உழைப்பாளி' என எங்கோ கண்ட தொடர் ஒன்று மட்டும் இருக்கும். ஊரார் அறிந்ததை ஊரில் எடுத்துச் சொல்லுதல் அவளுக்குத் தற்புகழ்ச்சியாகப் படுகின்றது. அக்கூச்சத்தால் அவள் இழப்பது வேலை.

இக்கூச்சத்திற்கு நம் இலக்கண மரபிலும் இடமுண்டு. புதுப்பொருள் காட்டித் துறைபல வல்லவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது பவணந்தியார் கொள்கை. ஆயின் அவரே அடுத்த நூற்பாவில் நான்கு இடங்களை விலக்குகின்றார். அரசனது அவைக்கு ஓலையிற் செய்யுள் எழுதி விடுக்குமிடத்தும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த போதும் தன்னைப் புகழ்தல் புலவனுக்குத் தகும் என்கின்றார். பணி வேண்டி எழுதும் ஏடு முதலிரண்டு இடங்களுள் அடங்குதல் வெளிப்படை. பார்ப்பவர் நம்மை அறியார். அறியார்க்கு அறிவித்தல் புகழ்ச்சியன்று. பாயிரம் உரைத்தற்குரியாராகத் தன்னாசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன் ஆகியோரை அவர் கூறுதலும் நோக்கத்தக்கது. ஏட்டின் இறுதியிற் சான்றுரைப்போர் பெயர் கேட்கும் இக்கால வழக்கோடு அஃது ஒத்துச் செல்கின்றது.

ஆதலின் தமிழில் அமையும் தற்பயிற்சியின் முதற்பாடம் படிவமாக இருத்தல் கூடாது. என் செய்தாய், எத்தனை பேர்க்கு, எத்துணைக் காலம், விளைந்தது யாது என்னும் வினாக்களே முதற்கண் வேண்டும். விடைகளைத் தமிழில் எழுதச் செய்து, பின்னரே ஆங்கில ஏட்டிற்குச் செல்லுதல் நன்று. ஆசிரியர் உடனில்லாத பயிற்சியாதலின் ஒவ்வொரு மாதிரிக்கும் அருகே அது சிறந்ததற்கோ குறைபட்டதற்கோ காரணம் எழுதப்படல் வேண்டும். கைப்பேசித் திரையிற் படிப்போரே மிகுதி. பக்கங்கள் சிறியனவாதல் இன்றியமையாதது.

தெரிந்தெடுத்து எழுதுதலைக் கற்பிக்க அவ்வூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டி. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா (1892-1960) இலண்டனிற் கணக்காயர் பயிற்சி பெற்றவர். அமெரிக்காவில் வணிக மேலாண்மையும் பொருளியலும் கற்றவர். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளர். இவ்வொரு வாழ்க்கையையே தணிக்கை நிறுவனத்திற்கு ஒருமுறையும், சிற்றூர்த் தொழில் ஆய்விற்கு ஒருமுறையுமாக மாணாக்கர் எழுதிப் பார்க்கலாம். செய்திகள் மாறா, முன் நிற்பன மாறும்.

கடைவீதிப் படிவங்களில் வரும் மதம், தந்தை தொழில், 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்னும் உறுதிமொழி ஆகியன பெரும்பாலான பணிகட்கு வேண்டாதவை. பெயர் பற்றியதோ உண்மையான சிக்கல். நம்மவர் தலைப்பெழுத்தோடு வழங்க, இணையப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்துக் கேட்கின்றன. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துக் கூட்டல், பட்டச் சான்றிதழில் மற்றொன்று என அமைதலும் உண்டு. சான்றிதழ்களுள் எதனைப் பின்பற்றுவது, தலைப்பெழுத்தை எங்கே விரித்தெழுதுவது என்பதற்குத் தனிப் பாடமே வேண்டும்.